தவிட்டு உருண்டை ராவுத்தர்

“நாக்க நீட்டு.”

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டியிருந்த ஜெய்னுதீன் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடையில், இலை போடுவதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும். வந்தவன் பசியில் கண் இருண்டு நின்றாலும் நாக்கை நீட்டித்தான் தீர வேண்டும். ராவுத்தர் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கைப் பெருவிரலால் ஆளின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்புவார். ஆட்டுச் சந்தையில் செய்ய வேண்டியதையெல்லாம் மனிதனிடம் செய்து முடித்துவிட்டு, “பித்தம் ஏறி நிக்குது” என்பார். அடுத்தவனுக்கு வாயு. அதற்கடுத்தவனுக்கு ரத்தம் தண்ணியாகப் போயிருக்கும். நோய் ஆளுக்கு ஒன்றாக இருந்தாலும் அடுப்பில் இருந்தது ஒரே பானைதான் என்பதால், மூவருக்கும் மருந்து ஒன்றாகவே அமைந்துவிடும்.

பானையில் மரவள்ளிக்கிழங்கும் முருங்கைக்கீரையும் சேர்ந்து வெந்துகொண்டிருக்கும். பக்கத்தில் மூங்கில் தட்டில் தவிட்டு உருண்டைகள் அடுக்கியிருக்கும். இரண்டையும் இலையில் வைத்த பிறகு ராவுத்தர் பானையின் ஆவிக்கு மேலே வலது கையை நீட்டி, “அல்லா மேல ஆணையாச் சொல்றேன், இதத் தின்னவனுக்கு ஆஸ்பத்திரி வாசப்படி எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்துபோகும்” என்பார். உடனே சமையல்கட்டை மறைத்துத் தொங்கும் கோணித் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்கும். அது அவர் மனைவி சௌதா.

“சோத்துப் பானைக்கெல்லாம் ஆண்டவன இழுக்காதீங்க” என்று அவள் தினமும்தான் சொன்னாள். அவரும் தினமும்தான் தலையாட்டினார்.

ராவுத்தர் எப்போதும் இப்படிப் பத்தியம் பேசியவர் அல்ல. யுத்தத்துக்கு முன்னால் அவர் கடையில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் கிடைக்கும். அப்போது அவருடைய வைத்தியமும் அதற்கு ஏற்றபடி இருந்தது. நெய் மூளைக்கு, ஈரல் ரத்தத்துக்கு, ஆட்டுக்கால் சூப்பு முட்டிக்கு. பச்சிலை தின்பவன் ஆடாகப் பிறந்திருக்க வேண்டியவன் என்று வாய்விட்டுச் சிரிப்பார். பிறகு ஜப்பான்காரர்கள் சைக்கிளில் கோலாலம்பூருக்குள் வந்தார்கள். கடையிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

முதலில் சீனி போயிற்று. போன மறுநாளே அது எலும்பை அரிக்கிற சரக்கு என்று ராவுத்தர் கண்டுபிடித்துவிட்டார். பால் நின்றதும் பால் கபம் ஆயிற்று. தேயிலை தீர்ந்ததும் அது நரம்பைச் சுருட்டும் விஷம் ஆயிற்று. ஆடு கிடைக்காமல் போன வாரம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. மூன்றாம் நாள்தான், ஆட்டுக்கறி ரத்தத்தைக் கெட்டியாக்கி மாரடைப்பைக் கொண்டுவரும் என்று அறிவித்தார்.

மாட்டுவண்டி ஓட்டும் கன்னையா அவருக்குப் பழைய சிநேகிதர், பழைய வாடிக்கையும்கூட. அவரால் இதைப் பொறுக்க முடியவில்லை.

“ஆட்டுக்கால் சூப்பு குடிச்சாத்தான் முட்டி நிக்கும்னு போன வருசம் சொன்னது யாரு ராவுத்தரே?”

“அது வெள்ளக்காரன் காலத்து முட்டி கன்னையா. இப்ப முட்டியே மாறிப்போச்சு.”

கடைசியில் அரிசியும் போயிற்று. கியூவில் நின்று வாங்கிய பங்கீட்டு அரிசி ஒரு குடும்பத்துக்குப் போதாதபோது கடைக்கு எங்கே போவது? ராவுத்தர் அதற்கும் அசையவில்லை. சோறு தின்றால் பகலில் தூக்கம் வரும், தூங்குகிறவனுக்கு உடம்பு ஊளைச்சதை போடும் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கிழங்கைத் தின்றார்கள். இல்லாததை நினைத்து ஏங்கிக்கொண்டு தின்பதைவிட, அது இல்லாமல் போனதே நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு தின்றால் கிழங்கு கொஞ்சம் சுலபமாக இறங்கியது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடமும் அவர்கள் இதையே போய்ச் சொன்னார்கள். அந்த நாளில் பிரிக்பீல்ட்ஸில் வேறு ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. ராவுத்தருக்கோ தான் சொன்னதைத் தானே முதலில் நம்பிவிடுகிற குணம் உண்டு.

தவிட்டு உருண்டை பிறந்தது கன்னையாவின் துக்கத்தில். அவருடைய மாடுகள் இரண்டையும் ஜப்பான் பட்டாளம் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மாடுகளுக்கென்று வாங்கி வைத்திருந்த தவிட்டு மூட்டைகள் மட்டும் வீட்டில் கிடந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அழுகை வருகிறது என்று கன்னையா மூட்டைகளைக் கொண்டுவந்து ராவுத்தர் கடையில் இறக்கினார். ராவுத்தர் தவிட்டைச் சலித்து, வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, துருவிய தேங்காயும் மலாய்க்காரர் கம்பங்களில், அதாவது கிராமங்களில், காய்ச்சும் தென்னை வெல்லமும் சேர்த்து உருட்டினார். முதல் உருண்டையைக் கன்னையாவின் இலையிலேயே வைத்தார்.

“இது என் மாட்டுக்கு வச்ச தவிடு ராவுத்தரே!”

“அதான் உன் மாடு அவ்வளவு தெடமா இருந்துச்சு. ஜப்பான்காரன் உன்னையவா புடிச்சுக்கிட்டுப் போனான்? மாட்டத்தான புடிச்சான்!”

கடையே சிரித்தது. கன்னையாவும் சிரித்துவிட்டு உருண்டையைத் தின்றார். அந்தத் தவிடு தீர்ந்த பிறகு கிள்ளான் பக்கத்து நெல் ஆலையிலிருந்து ராவுத்தர் தவிடு தருவித்தார். கோழி வளர்ப்பவர்கள் வாங்குவதற்கு முன்னால் போய் நின்றுகொள்வார்.

உருண்டையின் புகழை ஊரெல்லாம் பரப்பியவன் வாசு. காஜாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றபோது, மனைவி மாரியாயியையும் கைக்குழந்தையையும் செந்தூலில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்க வந்தவன். வந்தபோது மூட்டை தூக்குவது இருக்கட்டும், தன்னைத் தானே தூக்கிக்கொள்ளவே அவனால் முடியவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. தரை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து நடப்பவன்போல நடந்தான். ராவுத்தர் வழக்கப்படி நாக்கைப் பார்த்தார், இமையைப் பார்த்தார், உருண்டை கொடுத்தார். வேறு கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் சில வாரங்களில் வாசு நிமிர்ந்து நடந்தான். அப்புறம் மூட்டை தூக்கினான். அப்புறம் ஓடினான்.

இதைப் பார்த்து வாசு எவ்வளவு சந்தோஷப்பட்டானோ, அதைவிட ராவுத்தர் அதிகம் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியத்தை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. கடைக்குப் புதிதாக யார் வந்தாலும், “தவிடு இருக்கே தவிடு…” என்று தொடங்குவார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வாசு எழுந்துவிட வேண்டும். மூலையில் இருக்கும் கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றி, நிமிர்ந்து நின்று, கடையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். வாசுவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அதில் ஒரு பெருமையும் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் கேட்டால்கூட, கையை உதறிவிட்டு எழுந்துவிடுவான்.

“நடக்க மாட்டாம வந்தவன் இவன். பாத்துக்குங்க!” என்பார் ராவுத்தர். அவன் தொடையில் ஓங்கித் தட்டிக் காட்டுவார்.

விளம்பரத்துக்கு வாசு ஒருவன் என்றால், இன்னொருவர் ராவுத்தரே. ஊரில் எல்லோரும் கன்னம் ஒட்டித் திரிந்த நாளில் அவர் முகம் மட்டும் உப்பலாகப் பளபளவென்று இருந்தது. “ராவுத்தரப் பாருங்க, யுத்தம் நடக்குறதே தெரியாதவரு மாதிரி இருக்காரு லா” என்று கூட்ஸ் ஷெட் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ராவுத்தர் அடக்கமாகச் சிரித்து, உருண்டைத் தட்டைக் கண்ணால் காட்டுவார்.

உண்மை என்னவென்றால், ராவுத்தர் அந்த உருண்டையில் ஒன்றைக்கூடத் தின்றதில்லை.

தின்ன முயன்றார். முதல் நாளே ஒன்றை வாயில் போட்டார். வாய்க்குள் போனதும் அது மாட்டுக்கொட்டகையாக மாறிவிட்டது. தொண்டை தானாக மூடிக்கொண்டது. கீரையும் அவருக்கு ஆகாது. நெய்ச்சோற்றில் வளர்ந்த நாக்கு அது. ஊருக்கெல்லாம் புது உடம்பு வந்துவிட்டது என்று சொன்னவருக்குப் பழைய நாக்குதான் இருந்தது. ஆகவே வாடிக்கைக்காரர்கள் போன பிறகு, கொல்லையில் உட்கார்ந்து, செம்பனை எண்ணெயில் பொரித்த மரவள்ளிக்கிழங்கை மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பார். காலையிலும் அதுதான், ராத்திரியிலும் அதுதான்.

“ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுக்குறீங்க. நீங்களும் ஒண்ண முழுங்குனா என்ன?” என்பாள் சௌதா. அவள் தினமும் தின்றாள்.

“வைத்தியன் மருந்த குடுப்பானா, குடிப்பானா?”

இதற்குச் சௌதாவிடம் பதில் இருந்தது. ஆனால் புருஷனிடம் எதற்குப் பதில் சொல்வது, எதைத் தள்ளுவது என்று அவள் கணக்கு வைத்திருந்தாள்.

ஒரு நாள் முதல் ராவுத்தர் கைலியை மடித்துக் கட்டுவதை விட்டார். வேலை செய்கிறவர்கள் கைலியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொள்வதுதான் வழக்கம். பெரியவர்கள் வந்தால் மரியாதைக்காக இறக்கி விடுவார்கள். ராவுத்தரோ மூட்டை தூக்குகிறவன் முன்னாலும் கணுக்கால்வரை இறக்கிவிட்டு நின்றார். பேர் பெருகப் பெருக மனுஷருக்குப் பணிவு வந்துவிட்டது என்று கன்னையாவே மெச்சினார்.

பணிவுக்குக் காரணம் மதிய லுஹர் தொழுகைக்காக அவர் கால் கழுவியபோது சௌதாவின் கண்ணில் பட்டது. அவர் போட்டிருந்தது பழைய டயரை அறுத்து வார் போட்ட கட்டைச் செருப்பு. செருப்பைக் கழற்றிய பிறகும் புறங்காலில் வாரின் தடம் அப்படியே பள்ளமாக நின்றது. தண்ணீர் ஊற்றினார், துடைத்தார். பள்ளம் மேலே வரவில்லை. சௌதா குனிந்து அவர் கெண்டைக்காலை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். மாவில் அழுத்தியதுபோல விரல் உள்ளே போயிற்று.

“இது சதையில்லங்க. தண்ணி.”

“மெதுவாப் பேசு. கடையில ஆளு இருக்கு.”

“மொகத்துல இருக்குறதும் இதுதான். அந்த உருண்டையத் தின்னுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே!” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ராவுத்தர் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார். வெளியில் யாராவது தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? உருண்டை வைத்தியருக்கே காலில் நீர் என்றால் உருண்டையை யார் தொடுவார்கள்? கடை போகும். கடையைவிட, கடைக்குள் நுழைந்ததும் இத்தனை பேர் ஒழுங்காக நாக்கை நீட்டுகிறார்களே, அது போகும். அவருக்கு அதை நினைக்கவே பயமாக இருந்தது. நாளைக்கு நிச்சயம் ஒன்று தின்பதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். மறுநாளும் அதே வாக்கைக் கொடுத்தார்.

அந்த வருஷம்தான் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். மாதங்கள் போயின. போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து ஸ்டேஷனில் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. காடு, காய்ச்சல், காலரா என்று மட்டும் சேதி வந்தது. சயாம் என்ற பேச்சு எடுத்தாலே கூட்ஸ் ஷெட் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கடை நிறைந்திருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இடுப்பில் வாள் தொங்க ஒரு ஜப்பானிய அதிகாரி இறங்கினார். அவருக்குப் பின்னால் ராதாகிருஷ்ணன் ஓடி வந்தார். முன்பு வீடு வீடாகப் போய் இன்சூரன்ஸ் பிடித்தவர். இரவுப் பள்ளியில் கொஞ்சம் ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டு, இப்போது தொழிலாளர் ஆபீஸில் மொழிபெயர்ப்பாளர். அவரும் ராவுத்தர் கடையில் நாக்கை நீட்டியவர்தான்.

“எல்லாரும் எந்திரிங்க. குனிங்க, குனிங்க!”

எல்லோரும் எச்சில் கையோடு எழுந்து குனிந்தார்கள்.

“நல்ல சேதி ராவுத்தரே” என்றார் ராதாகிருஷ்ணன். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. “இந்தக் காலத்துல ஆளுங்க தெடமா இருக்குறது ராவுத்தர் கடையிலதான்னு ஆபீஸ்ல நாந்தான் சொல்லி வச்சேன். ஐயாவுக்கு நேர்ல பாக்கணும்னு ஆச.”

அதிகாரி சுருக்கமாக ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்கும்போது ராதாகிருஷ்ணனின் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

“சயாமுக்கு நல்ல ஆளுங்க வேணுமாம். மத்த எடத்துல புடிச்சதெல்லாம் வழியிலயே விழுந்துடுதாம். ஒங்க சாப்பாட்டுல தேறின ஆளு யாரு யாருன்னு நீங்க காட்டுனாப் போதும். கடைக்கு மாசா மாசம் அரிசி வரும். அப்புறம், ‘ஒடம்புக்கு ஏத்த சாப்பாடு’ன்னு எழுதி, ஆபீஸ் முத்திரையோட வாசல்ல போர்டு மாட்டித் தருவாங்களாம்.”

அரிசி ராவுத்தரை அவ்வளவாக அசைக்கவில்லை. போர்டு அசைத்தது. அரசாங்க முத்திரை! எத்தனை வருஷமாக ஈரலுக்கும் கீரைக்கும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். பட்டம் பெற்ற டாக்டர்கள் யாராவது ஒரு நாள் திரும்பிப் பார்த்தார்களா? வாள் கட்டிய ஒருவர் கார் ஏறி வந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்றுதான். சயாம் என்ற சொல் காதில் விழுந்து மனசுக்குப் போவதற்குள், பழகிப்போன வாய் முந்திக்கொண்டது.

“தவிடு இருக்கே தவிடு…”

வாசு எழுந்துவிட்டான்.

கையை உதறினான், மூலைக்குப் போனான், மூட்டையைத் தோளில் ஏற்றி நிமிர்ந்தான். அரைச் சுற்று வந்த பிறகுதான் கடையில் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான். அதிகாரி முதல் தடவையாகப் புன்னகை செய்தார். கையிலிருந்த பிரம்பால் வாசுவின் தொடையைத் தட்டிப் பார்த்து, ராவுத்தரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூட்டையைக் கீழே போடுவதா, தூக்கிக்கொண்டே நிற்பதா என்று வாசுவுக்குத் தெரியவில்லை. அவன் கண்கள் ராவுத்தரைத் தேடின. நோய் வந்தபோது எப்படிப் பார்த்தானோ அப்படித்தான் இப்போதும் பார்த்தான்.

கோணித் திரைக்குப் பின்னால் கனைப்பு இல்லை.

நேற்றும் அதற்கு முந்தின நாளும் ராவுத்தர் தட்டிக் காட்டிய தொடை அது. ஊரைக் கூட்டி, விலை கூறாத குறையாக இவனை ஏலத்துக்கு விட்டது தான்தானே என்று அவருக்கு உறைத்தது.

“எறக்குடா வாசு” என்றார். “அந்த மூட்டையில பாதி வெறும் உமிங்க, ஐயா. ஆளு சேக்க நாஞ் செஞ்ச வித்தை. இந்த உருண்டையில ஒண்ணும் கெடையாது. மாட்டுத் தீவனம். தின்னவன் ஒருத்தனும் தேற மாட்டான். வீங்கித்தான் போவான்.”

வாசு மூட்டையை இறக்கினான்.

ராதாகிருஷ்ணன் திகைத்துப்போனார். “என்ன ராவுத்தரே, என் தலைல கல்லப் போடுறீங்க? போன வாரம் பானைக்கு மேல கைய நீட்டி ஆணையிட்டீங்களே, நாந்தான் பாத்தேனே. இப்ப சொல்றது நெசம்னா அதே மாதிரி ஆணையிட்டுச் சொல்லுங்க. நான் ஐயாவுக்குப் பதில் சொல்லணும்.”

ராவுத்தரின் வலது கை பழக்கத்தில் பானைக்கு மேலே போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. ஆவி உள்ளங்கையைச் சுட்டது. இத்தனை நாளும் வியாபாரத்துக்காகக் கூசாமல் இட்ட ஆணையெல்லாம், எதிரில் நிற்கும் வாசுவைப் பார்த்தால், சத்தியமாக ஆகிவிட்டிருந்தது. இப்போது இடச் சொல்கிற ஆணைதான் பொய். அதை அவர் வாய் சொல்ல மறுத்தது. கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

அதிகாரிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பிரம்பை நீட்டி ராவுத்தரின் உப்பிய கன்னத்தைத் தொட்டு ஏதோ கேட்டார்.

“நீங்களே இப்படிக் கொழுகொழுன்னு இருக்கீங்களே, அது எப்படின்னு கேக்குறாரு” என்றார் ராதாகிருஷ்ணன்.

அப்போது ராவுத்தர் செய்த காரியத்தைக் கண்டு கன்னையா கண்ணை மூடிக்கொண்டார். ஜப்பான்காரர் முன்னால் தலையைச் சரியாகக் குனியாதவர்களே அறை வாங்கிய காலம் அது. ராவுத்தர் கைலியை இரண்டு கையாலும் பிடித்து முட்டிக்கு மேலே தூக்கினார். வலது காலை எடுத்து, வாடிக்கைக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் மேல், அதிகாரியின் இடுப்பு வாளுக்கு நேராக வைத்தார். பெருவிரலால் கணைக்காலை அழுத்தினார். நகம் மறையும்வரை அழுத்தினார். பிறகு விரலை எடுத்தார்.

பள்ளம் நின்றது. கடையில் இருந்த அத்தனை பேரும் அது நிரம்புவதற்காகக் காத்திருந்தார்கள். அது நிரம்பவில்லை.

அதிகாரி குனிந்து பார்த்தார். “காக்கே” என்றார். ராதாகிருஷ்ணன் கற்ற பாஷையில் அந்தச் சொல் இல்லை, அவர் விழித்தார். பெரிபெரி என்னும் கால்வீக்கத்துக்கு ஜப்பான் பாஷையில் அதுதான் பேர்; அதிகாரிக்கு அது நன்றாகத் தெரிந்த நோய் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிரம்பின் நுனியால் இன்னொரு காலையும் அழுத்திப் பார்த்தார். அங்கேயும் ஒரு பள்ளம் விழுந்தது. கைக்குட்டையை எடுத்துப் பிரம்பின் நுனியைத் துடைத்துவிட்டு, இரண்டு வார்த்தை சொல்லி, விறுவிறுவென்று காருக்குப் போய்விட்டார்.

“நோய்க்காரங்களக் கூட்டிட்டுப் போயி என்ன பண்றதுன்னு கேக்குறாரு” என்றார் ராதாகிருஷ்ணன். ஓடும்போதே திரும்பி, “போர்டும் கெடையாதாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் சத்தம் தேய்ந்து மறைந்தது. ராவுத்தர் பெஞ்சிலிருந்து காலை இறக்கினார். உயிர் தப்பியதற்கு எல்லோரும் கூச்சல் போடுவார்கள், வாசு ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று அவர் எதிர்பார்த்தார். யாரும் அசையவில்லை. எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் இலையில் கிடந்த உருண்டையைப் பார்த்தார்கள்.

முதலில் இலையைத் தள்ளியவன் வாசுதான்.

“இத்தன நாளா எங்களுக்கு இதையா குடுத்தீங்க?” என்றான்.

“டேய், ஒன்னையக் காப்பாத்தச் சொன்னதுடா அது. சும்மா சொன்னது.”

“வாயி சும்மா சொல்லும் ராவுத்தரே. காலு சும்மா வீங்குமா?”

மற்றவர்களும் இலையைத் தள்ளினார்கள். ஒருவன் தன் கெண்டைக்காலை ரகசியமாக அழுத்திப் பார்த்துக்கொண்டான். மாட்டுத் தீவனம் என்று தான் அன்றைக்கே சொன்னதாகக் கன்னையா யாரிடமோ சொன்னார். சயாம் வாசல்வரை வந்து போய்விட்டது. ஆனால் இவர்கள் இன்றைக்கு உருண்டையை விட்டால், வெறும் கிழங்கைத் தின்றுகொண்டு, இன்னும் இரண்டு மாதத்தில் ராவுத்தரைப் போலவே கால் வீங்கி நிற்பார்கள். வாசு மறுபடியும் தரையைத் தடவி நடப்பான். தடுத்துச் சொல்லலாம் என்றால், பிழைப்பு நடத்திய அந்த வாய் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிட்டது.

கோணித் திரை விலகியது. ஆண்கள் நிறைந்த கடைக்குள் ஒரு நாளும் வராத சௌதா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“அவுக இதுல ஒண்ணுகூடத் தின்னதில்ல தம்பி” என்றாள் வாசுவிடம். “அதான் அந்தக் காலு. பொரிச்ச கெழங்கத் தவிர வேற எதையும் தொட மாட்டாக. தின்னது நானு. என்னையப் பாரு, எனக்கு என்ன கொற?”

வாசு நிமிர்ந்து பார்க்கவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்காமல் பெண்டாட்டி பேசுவது உலகத்தில் நடப்பதுதான் என்பதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராவுத்தர் தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தார். வாசுவுக்கு எதிரில், அவன் கண்ணுக்கு நேராக, பெஞ்சில் உட்கார்ந்தார். பாதியாகப் பிட்டுத் தின்றால் நம்ப மாட்டான் என்று முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். தொண்டை மூடிக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. மென்றார். குமட்டலை அடக்கத் தொடையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மென்றார். இதனால் நரம்புக்கு என்ன நல்லது, ரத்தத்துக்கு என்ன நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உருண்டை தொண்டையில் இறங்குவதை வாசு கடைசிவரை பார்த்தான். ராவுத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு, தட்டைத் தன் பக்கம் நகர்த்தி, இரண்டாவது உருண்டையைக் கையில் எடுத்தார்.

வாசு தள்ளி வைத்த இலையை மெதுவாகத் தன்னருகே இழுத்துக்கொண்டான்.